எந்த நாம்

பான் நகரம். நவம்பர். ரைன் ஆற்றைப் பார்த்த
மூன்றாம் மாடி அறையில்
ஸஃபிசுவாவுக்குப் பின்னால் அரை நாற்காலி தள்ளி உட்கார்ந்து
அவர் காதில் பேசிக்கொண்டிருக்கிறேன்.
கூட்டத்தில் புழங்குவது பிரெஞ்சு.
அவரிடம் இருப்பது மலகாசி மட்டும்.
அப்புறம் யாரோ கொடுத்த கோட்டு.
கை நீளம். விரல்நுனிகள்தான் வெளியே தெரிகின்றன.

மனன்ஸாரிக்குத் தெற்கே அவர் வனிலாத் தோட்டத்தை
ஒரே மாதத்தில் இரண்டு புயல் கடந்தது.
முதலாவது கூரையை எடுத்தது.
இரண்டாவதற்கு எடுக்க ஒன்றும் மிச்சமில்லை,
மண்ணை எடுத்தது.
இதைக் காலையில் அவர் சொன்னார்,
நான் பிரெஞ்சில் சொன்னேன்,
நன்றி என்றார்கள், குறித்துக்கொண்டார்கள்.

இப்போது அவர்கள் முறை.

எதிரே இருந்தவர் கெட்டவர் இல்லை.
சளி பிடித்திருந்தது. தூங்காத கண்.
இருமல் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னார்,
நூற்றைம்பது ஆண்டுகளாக எரித்திருக்கிறது, நூ.

நூ.
பிரெஞ்சில் அவ்வளவுதான். ஒரே கதவு.
தீ வைத்தவனும் தீயில் வெந்தவனும்
அதில்தான் இடித்துக்கொண்டு நுழைய வேண்டும்.
மலகாசியில் இரண்டு உண்டு:
உன்னைச் சேர்த்துக்கொண்ட நாம்,
உன்னை வெளியே நிறுத்திய நாங்கள்.

கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, இதுதான் என் தொழில்.
ஆனால் இந்த மொழியில் வாயைத் திறந்தாலே
ஏதாவது ஒரு பக்கம் உட்கார்ந்தாக வேண்டும்.
அரை விநாடி கிடைத்தது.

நாங்கள் எரித்தோம், என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.
"ஒத்துக்கொண்டாரா? முதல் நாளே?"
நான் வாயெடுக்குமுன் எழுந்துவிட்டார்.
"ஐயா, எங்கள் பக்கம் மாடு அடுத்த வயலை மேய்ந்தால்
என் மாடுதான் என்று சொல்லவைக்க
மூன்று பஞ்சாயத்து ஆகும்.
நீங்கள் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டீர்கள்.
நல்ல வயிற்றில் பிறந்தவர்."

ஒரு சொல் விடாமல் பெயர்த்தேன்.
பக்கத்திலிருந்த வழக்கறிஞர் ஒரு சீட்டை நகர்த்தினார்.
நன்றியை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று
அந்தச் சீட்டில் இல்லை போலும்.
படித்தார், மடித்தார்,
இந்தச் சுமையைச் சுமக்கும், நூ, என்றார்.

மறுபடி அரை விநாடி.
நாங்கள் என்றால், அவர் கொடுக்காத வாக்கு.
நாம் சுமப்போம், என்றேன்.
அது நேர்மையா, பயமா
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"சரி," என்றார் ஸஃபிசுவா. "என் பங்கை எழுதிக்கொள்ளுங்கள்."
கோட்டுக் கைக்குள்ளேயே விரல் மடக்கினார்.
கரியடுப்பு ஒன்று.
மண்ணெண்ணெய் விளக்கு, மகளுக்குப் பரீட்சை வரும் மாதங்களில்.
மாமனார் சாவுக்கு லாரியில் போனது. வந்தது நடந்து.
மலைச்சரிவில் கொஞ்சம் காடு வெட்டி நெல் விதைத்தேன்,
மறைக்க மாட்டேன்.
அப்புறம் நெடுநேரம் யோசித்து,
"இங்கே வந்த விமானம். அதுதான் என் பெரிய தீ.
சீட்டு வாங்கியது நீங்கள். உட்கார்ந்து வந்தது நான்.
பாதி போடுங்கள்."

பிறகு அவர்கள் பட்டியலுக்காகக்
கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள்.

மாலையில் கூட்டக் குறிப்பு வந்தது.
நூ. நூ. பிழை எதுவும் இல்லை.

ட்ராம் நிறுத்தத்தில் கேட்டார்:
"உண்மையில் எந்தச் சொல்லைச் சொன்னான் அந்த மனுஷன்?"
அவர்களிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றேன்.
நம்பவில்லை. பிறகு இரக்கம் வந்துவிட்டது.
"ஒன்றை வைத்துக்கொண்டு
கடன் யாருடையது என்று
வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?"

ட்ராமில் கதகதப்பு. கோட்டைக் கழற்றி
மடியில் மடித்து வைத்தார்.
"எங்கள் ஊரில் இது வனிலா பூக்கும் மாதம்.
ஒரு பூவுக்கு ஒரே காலைதான்."

எங்கள் ஊர்.

அதே ஆற்றங்கரையில்
நான்கு வீடு தள்ளிப் பிறந்தவள் நான்.
இங்கே பதினெட்டுக் குளிர்காலம்.
என் வீட்டுச் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
இந்நேரம் அங்கே யாரும் இல்லை.
அது ஓடிக்கொண்டிருக்கிறது.