பாக்கி இரண்டு வெள்ளி

போலீஸ்காரர் ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.
குழலை உருக்கி அடைத்தாயிற்று,
இனி இது ஒன்றும் செய்யாது என்றார்.
கத்தோங்கில் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தபோது
பிஸ்கட் டின்னுக்குள் கிடந்ததாம்.

கைப்பிடி இரு பக்கமும் கண்ணாடிபோல.
விழுந்த விமானத்தின் ஜன்னலை
அறுத்து, அரத்தால் அராவி, பற்பசை போட்டுத் தேய்த்து
எவனோ பொழுதைப் போக்கியிருக்கிறான்.

இடப்பக்கம், மிச்சத் தோட்டாவை எண்ணிக்கொள்ள.
வலப்பக்கம் அவள்.
காது வரை சிரிப்பு. கழுத்தில் பாசிமணி.

கையுறையோடு நானும் பிடித்துப் பார்த்தேன்.
பிடித்ததும் காணாமல் போனாள்.
குறி வைக்கிறவனின் உள்ளங்கை
முகத்தை முழுசாகப் பொத்திவிடுகிறது.
கீழே வைத்தால்தான் அவள்.

வியர்வை இறங்கித் தாடை கரைந்திருக்கிறது.
படிவத்தில் ‘மூலப்பொருள்’ என்றொரு கட்டம்.
எஃகு, பித்தளை, அக்ரிலிக் என்று எழுதி
ஒரு காற்புள்ளியும் வைத்துவிட்டு
நிற்கிறேன்.
“கேன்டீன் மூடிடுவான், வரலையா?”
பக்கத்து மேசை ஷரீஃபா.

இரண்டே திருகாணி.
படத்தின் முதுகு இத்தனை வருஷமும்
தோட்டாக்களைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.
ஏதாவது காதல் வரி இருக்கும் என்று திருப்பினேன்.
ஸ்டுடியோ முத்திரை, நார்த் பிரிட்ஜ் ரோடு.
கீழே பென்சிலில்
‘மூன்று பிரதி. பாக்கி இரண்டு வெள்ளி.’

பாக்கியை யார் கட்டினார்களோ.
மற்ற இரண்டு பிரதியும்
எவரெவர் கைக்குள் போயினவோ.

காற்புள்ளிக்கு அப்பால்
‘தாள்’ என்று எழுதிவிட்டு
சாப்பிடப் போனேன்.