நூற்றிருபது கிராம்

சின்னவேடம்பட்டியில் எங்கள் லேத்துப் பட்டறைக்குக்
கடல் ஆர்டர் சீட்டாகத்தான் வரும்.

தை பிறந்தால் எண்பது கிராம், வெள்ளி நிறம்.
வாடை தணிந்து தண்ணீர் தெளியுமாம்,
வஞ்சிரம் கண்ணை நம்பி வேட்டைக்கு வருமாம்.
மாசியில் நீலம் கேட்பார்கள்.
பங்குனியில் கோலா துள்ளும்,
பின்னாலேயே மயில்மீன், முதுகை விரித்துக்கொண்டு.
அதற்கு ஈயம் வேண்டாம்; எனக்கு வேலை குறைவு.
சித்திரையில் மேல்தண்ணீர் காய்ந்து
பாறை ஆழத்துக்கு இறங்கிவிட,
"நூத்தியிருவது கிராம் ஊத்திக் குடுங்" என்பார்
சென்னியப்பன், பம்ப்செட்டுக் கடைக்காரர்,
மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி
காரின் கூரையில் தூண்டில் குழாய்களைக் கட்டித்
தூத்துக்குடிக்குப் போகிறவர்.

நான் போனதில்லை.
வால்பாறை பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவன்.

ஆனாலும் ஆனிமாதக் கடலை எனக்குத் தெரியும்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வந்து
ராவெல்லாம் எங்கள் தகரத்தைத் தட்டுவது அதுதான்.
படகுக்கார மச்சாது
'இந்த வாரம் இல்லை' என்று போன் செய்யுமுன்பே
ஈய அடுப்பை அணைத்திருப்பேன்.
ஆடி முடியும்வரை
பம்புக்கு புஷ் கடைவேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, உக்கடம் மார்க்கெட்.
தூத்துக்குடி லோடு.
ஜபருல்லா ஐஸிலிருந்து ஒரு பாறையை உருவிப் போட்டார்.
கீழ்த்தாடையில் ஏதோ தொங்கியது.
சாயம் போய்,
கொக்கி துருவேறி,
சுற்றிலும் சதை வளர்ந்து மூடப் பார்த்து.

வாலோரம் ஒரு காற்றோட்டை.

என் ஓட்டை அது.
சித்திரையில் அச்சு சூடேறுமுன் அவசரமாக ஊற்றியது.
உருக்கிவிடலாமா என்று கையில் வைத்து யோசித்து,
போகட்டும், மீனுக்கென்ன தெரியும் என்று
மேலே ஒரு கோட்டு பெயிண்ட் அடித்துக் கொடுத்தது.

"பதினாலு கிலோ பாறைங்க" என்றிருந்தார் சென்னியப்பன்,
டீ ஆறுகிறவரை நின்றுகொண்டே.
"முக்கா மணிநேரம். கை வீங்கிப் போச்சு.
படகோரம் கொண்டாந்து, கொக்கியக் கழட்டி,
தலைய நீவி உட்டுட்டனுங்க.
போட்டோ எடுக்கறதுக்குள்ள போயிருச்சு."

ஜபருல்லாவின் தராசில்
ஆறு கிலோ நானூறு.

தலையை மட்டும் வாங்கினேன்.
"ஈயத்துக்கும் சேத்து எடை போட்டிருக்கேன் பாய்" என்று
நான் கேட்காமலே சிரித்தார்.
பட்டறையில் குறடு போட்டுக் கழற்றிக்
கழுவி நிறுத்தேன்.
நூற்றுப் பதினேழு.
மூன்று கிராம்
ஆறு மாதத்தில் கடல் எடுத்துக்கொண்டது.
தலை குழம்புக்குப் போனது. நல்ல ருசி.

தை இரண்டாம் வாரம்
மேஜையில் பில் கட்டின்மேல் அது கிடக்க
சென்னியப்பன் வந்தார்.
எடுத்தார். புரட்டினார்.
காற்றோட்டையில் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார்.
பில்மேலேயே திரும்ப வைத்தார்,
இருந்த இடத்தில், அதே சாய்வில்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.

"தண்ணி தெளிஞ்சிருச்சாமுங்" என்றார்.
"வெள்ளியில ஒரு பத்து."