உமிக்கு ஒரு வண்டி

உமிக்குப் பாரமில்லை.
ஒரு மூட்டையைத் தலையில் வைத்தபடி
என் மகள் ஃபோனில் கதைப்பாள்.
ஆனால் உமி இடம் கேட்கும்,
கலியாண வீட்டுக்கு
மூன்று நாள் முந்தி வந்த மச்சாள் மாதிரி.
வாகனம் விற்கிறவர்களுக்கு இது விளங்காது.
எல்லாரும் எஞ்சினையே திறந்து காட்டுகிறார்கள்.

முதலாவது முள்ளியவளையில்.
வெள்ளைப் பிக்கப், புதுப் பெயின்ற்.
கடற்கரைப் பக்கமே போகாத வண்டியாம்,
பிள்ளையாணைச் சத்தியம்.
சீற்றுக்குக் கீழே ஒரு செதில்
நகம்போல ஒட்டிக் கிடந்தது.
உப்பு இரும்பைத் தின்னும்போது சத்தம் போடாது.
தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

இரண்டாவது மாங்குளத்தில்.
எஞ்சின் பூனை மாதிரி உறுமியது, எனக்கே ஆசை வந்தது.
லீசிங் கொஞ்சம் மிச்சம்,
காசைத் தந்து எடுங்கோ, புத்தகம் பிறகு வரும் என்றார்.
பிறகு வரும் என்று சொல்லப்பட்டவை
ஒரு தகரப்பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன.
பதிவு இலக்கங்கள், முத்திரை குத்திய நகல்கள்,
ஒருவரும் பிறகு வராத கடிதங்கள்.
இன்னொன்றுக்கு அதில் இடமில்லை.

மூன்றாவது விசுவமடுவில், முதிரை மரத்தடியில்.
நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம்.
இடது கதவு உள்ளேயிருந்து மட்டும் திறக்கும்.
புத்தகத்தில் ஆறு பேர்,
முதல் ஆள் குளியாப்பிட்டி,
கடைசி ஆள் நவரத்தினராசா, பால் சேர்க்கிறவர்.
பால் கானைத் தவிர வேறொன்றும் ஏறேல்லைப் பிள்ளை.

ஸ்ரனிஸ்லாஸைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்,
பரந்தனில் வெல்டிங் கடை.
கதைக்க மாட்டார், தட்டுவார்.
சாவியால் சேசிஸைத் தட்டி, காது கொடுத்து,
அடுத்த சாணுக்கு நகர்வார்.
கீழே படுத்தவர் கனநேரம் எழும்பவில்லை.
நித்திரையோ என்று குனிந்தேன்.
பின் அச்சுக்கு மேலே பெயின்ற் சுரண்டிய இடத்தில்
மீன்முள்ளுப் போல ஒரு கோடு,
நடுவில் சின்னக் கொளுக்கி.

இது என்ரை கை, என்றார்.
எட்டு வருசத்துக்கு முந்தி ஓர் இரவு.
கொளுக்கி இருக்கிற இடம் கரண்ட் போன இடம்.
மணல் ஏத்தி முறிச்சவன், கதிரேசு எண்டொருத்தன்.
ரெண்டாயிரம் இன்னும் தரேல்லை.

நவரத்தினராசா தன் மாட்டைப் பார்த்தார்.
மாடு ஒன்றும் சொல்லவில்லை.

முறியுமோ, என்று கேட்டேன்.
நான் ஒட்டின இடம் முறியாது.
பக்கத்து இடத்துக்கு நான் பொறுப்பில்லை.

இவ்வளவு நேர்மையாக
எந்த வண்டியைப் பற்றியும் யாரும் எனக்குச் சொன்னதில்லை,
மனிசரைப் பற்றியும்தான்.
பதினெட்டரை என்றவர் மணலுக்காக இறங்கினார்,
கதவுக்காக இறங்கினார்,
பதினேழே முக்காலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.
அந்த ரெண்டாயிரத்தையும் கழியுங்கோ, என்றேன்.
கடன் கதிரேசின்ரை,
ஆனால் வண்டியோடுதான் வந்தது.
சிரித்துக்கொண்டு கழித்தார்.
அதை அப்படியே ஸ்ரனிஸ்லாஸின் சட்டைப்பையில் வைத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டு,
வட்டி, என்றார்.

போகும்போது உமி, வரும்போது கோழியெரு.
எரு பாரம், அதனால் வில்லுத்தகடு ஒன்று கூடுதலாக.
பலகையைக் கழற்றிக் குழாயில் கூடு,
பொலிஸ் மறிக்காத உயரம்,
மூன்று பக்கம் வலை, மேலே படங்கு.
கதவை மட்டும் திருத்தவில்லை.
இடப்பக்கம் ஏறுகிறவர் என்னைக் கேட்டு ஏறட்டும்.

முதல் நடை, பரந்தன் மில்லிலிருந்து.
கண்ணாடியில் கூடு நிமிர்ந்து நின்றது,
ஆனையிறவுக் காற்று அதை அசைக்கவில்லை.
கோழிப்பண்ணை வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால்
வந்த வழி முழுக்க
தாரில் மெல்லிய மஞ்சள் கோடு.
பின்பலகை இடுக்கால் கொட்டியிருக்கிறது.
மைனா இரண்டு அதைக் கிளறி, ஏமாந்து,
மறுபடியும் கிளறின.

நாளைக்குப் பழைய யூரியாச் சாக்கு இரண்டு வேணும்.