மூன்றாம் திருப்பம்

பள்ளிக்கூடத்துச் சன்னலுக்குக் கீழே
வண்டியை நிறுத்தச் சொன்னார்கள்.
சுண்ணாம்புக்கல், பதினோரு பாளம்.
இறக்க ஆள் வரவில்லை.

உள்ளே பாடம். இலத்தீன் எனக்குத் தெரியாது.
சமையற்காரி மகன் தியெபோ
சன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டு
பாதிப் பாதியாய் எங்கள் பேச்சில் சொன்னான்:

கல் இருக்கிறது, அவ்வளவுதான்.
புல் இருக்கிறது, வளர்கிறது.
மாடு இருக்கிறது, வளர்கிறது, அடித்தால் வலிக்கிறது.
மனிதனுக்கு இத்தனையும் உண்டு,
ஏன் என்று கேட்கவும் தெரியும்.
தேவதூதனுக்கு உடம்பில்லை, கேட்காமலே தெரியும்.
நடுப்படியில் நாம், என்றான் பையன்.
மேலேயும் உறவு, கீழேயும் உறவு.

முழங்கால்வரை எனக்குச் சேறு.
கீழே யார் உறவென்று
கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னொன்று சொல்கிறார்.
விலங்குக்கெல்லாம் முகம் மண்ணைப் பார்த்து.
மனிதனை மட்டும் நிமிர்த்தி வைத்தார் கடவுள்,
வானம் பார்க்க."

பதினேழு வருடம் சக்கரத்துக்குத் தோள் கொடுத்து
என் முதுகு வளைந்தபடி நின்றுவிட்டது.
குளம்படியில் தேங்கிய மழைநீரில்
தெரிகிற அளவுதான் என் வானம்.
நுகத்தில் ரூசெல் தலையைத் தூக்கி
மேகத்தை மோந்துகொண்டிருந்தது.

செவலை எருது. இடக்கொம்பில் ஒரு கீறல்.
லான் குன்றின் மூன்றாம் திருப்பத்தில்
தார்க்குச்சி காட்டினால் நிற்கும்,
காட்டாவிட்டால் ஏறும்.
ஏன் என்று நான்தான் கேட்டதில்லை.

அறுப்புக்கு முந்தின வெள்ளி
அதே திருப்பத்தில் மண்டியிட்டது.
மாட்டின் உயிர் மூச்சோடு முடிந்துவிடும்
என்றார் பாதிரியார், ஆறுதலாகத்தான்.
தோல் சப்பாத்துக்காரனுக்குப் போனது.
இறைச்சியில் என் பங்கும் வந்தது.
தின்றேன். உப்புப் போதவில்லை.

பனிக்காலத்தில் கல்தச்சன் ஓபெர் தேடி வந்தான்.
கொம்பு எந்தப் பக்கம் திரும்பும்?
அசைபோடும்போது காது எப்படி நிற்கும்?
வண்டிப் பலகையில் கரித்துண்டால் வரைந்தேன்.
கீறலையும் போட்டேன்.

இப்போது கோபுரத்தில் நிற்கின்றன எருதுகள்.
புனிதர்கள் வாசலில், ஆள் எட்டும் உயரத்தில்.
இவை மணிக்கும் மேலே,
தேவதூதனுக்கென்று விட்டது போன்ற இடத்தில்.
அந்த வழியே போகையில் ஆசிரியர்
படிகளை எப்படி எண்ணுவாரோ.

அண்ணாந்து பார்க்க எனக்கு ஆகாது.
தியெபோவைக் கேட்டேன்:
கீறல் கொம்பன் எங்கே பார்க்கிறது?
கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தான்.
"கீழே," என்றான். "பாதையை."

நாளைக்கு இருபது பாளம்.
புது மாடு திருப்பத்தில் மிரள்கிறது.
இன்னும் பெயர் வைக்கவில்லை.