பாறைச் சூடு

ஞாயிறு ஆராதனையில் ஐயர் சொன்னார்:
சூரியன் சாயுமுன் கோபம் தணியட்டும் என்று.
தலையாட்டினேன்.
சபையில் தலையாட்டுவது சுலபம்.

செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது:
பெரியவள் கல்லூரிக்கென்று எடுத்துவைத்த இருபதாயிரத்தை
டிப்போ நண்பனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார் தேவசித்தம்,
என்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல்.
கேட்கிறவனுக்குக் கொடு என்று
அவருக்கும் ஒரு வசனம் கைவசம் இருந்தது.

சூரியன் ஆறரைக்கே போய்விட்டது.
சத்துவாச்சாரி மலைப்பாறைக்கு அந்தச் சேதி எட்டவில்லை.
மே மாதம், மின்சாரமும் இல்லை.
மொட்டைமாடித் தளம் பாயைத் தாண்டி முதுகைச் சுட்டது.
பவுல் ஒரு கோடை எங்கள் ஊரில் படுத்திருந்தால்
விடியும்வரையாவது தவணை தந்திருப்பார்.

இரண்டு மணி இருக்கும். அவர் எழுந்தார்.
காலைக் குளியலுக்குப் பிடித்துவைத்த தண்ணீரை
வாளி வாளியாய்ச் சுமந்துவந்து
நான் படுத்த பக்கம் மட்டும் ஊற்றினார்.
உஸ்ஸென்று எழுந்தது
சுண்ணாம்பு மணக்கும் ஆவி.

மன்னித்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை.
பரவாயில்லை என்று நானும் சொல்லவில்லை;
பணம் பணம்தானே.

அவர் பாய் சூட்டில் கிடந்தது.
ஈரம் ஆறிய இடத்துக்கு
இழுத்துப் போட்டேன்,

கொஞ்சம் தள்ளித்தான்.