செவ்வாய், வியாழன், சனி

வாரத்துக்கு நாற்பது பவுண்டு.
செவ்வாய், வியாழன், சனி எனக்கு.
மீதி நான்கு நாளும் பார்சன் ஃபிலிப்பாவுடையது.
கழுத்தில் பாதிரியின் பட்டைபோல்
ஒரு வெள்ளை வளையம், அதனால் அந்தப் பெயர்.
மற்றபடி பக்தி கிடையாது.
தோள்பையைப் பல்லால் திறந்து
ஆப்பிள் திருடும்.
யார் கதவைத் திறந்தாலும் கனைக்கும்;
எனக்காகத்தான் என்று முதல் மாதம் நினைத்திருந்தேன்.

ஹெக்ஸம் மருந்துக்கடையில் எனக்குக் கூலி
மணிக்குப் பன்னிரண்டு பவுண்டும் சில்லறையும்.
நாற்பது என்றால்
மூன்றேகால் மணிநேரம் ஊராரின் இருமலைக் கேட்டு நிற்பது.
நான் கணக்குப் போடுகிறவள்.
போடாமல் இருக்கச் சொன்னால்
அதற்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்பேன்.

இரண்டு சனி விடாத மழை.
ஒரு செவ்வாய் பனி உறைந்து
மேய்ச்சல் கதவின் கொக்கியே அசையவில்லை.
சாணம் மட்டும் விடுப்பு எடுப்பதில்லை.
முள்வாரியால் நான்கு தள்ளுவண்டி அள்ளிவிட்டு
சேணத்தைத் தொடாமல் வீடு திரும்பினேன்.
அன்றைக்கும் நாற்பதில் மூன்றில் ஒன்று போயிற்று.
"அன்றைக்குக் குதிரை பட்டினி கிடந்ததா?" என்றாள் ஃபிலிப்பா.
பதில் இல்லை என்னிடம்.
எரிச்சல் இருந்தது.

பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை,
வலது பின்னங்குளம்பில் சீழ்.
சுடுமணலில் நிற்பதுபோல்
காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது பார்சன்.
நான்கு வாரம் ஏறக் கூடாது என்றார்
லாடம் அடிக்கும் டாட்ஸ்.
குளம்பைக் குடைந்ததற்கு ரசீது எழுதி
எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டினார்,
யார் கை முதலில் வரும் என்று பார்ப்பவரைப்போல.

வியாழன் என் நாள்.
என் நாளில் வந்த சீழ் என் சீழா?
ஒப்பந்தம் ஒரே தாள், இரண்டு கையெழுத்து, ஒரு தேநீர்க் கறை.
தலைக்கவசம் பற்றி இருந்தது.
வாளியைக் கழுவிவைப்பது பற்றிக்கூட இருந்தது.
சீழ் பற்றி ஒரு வரி இல்லை.

"பாதி கொடு, போதும்" என்றாள்.
பாதி!
எவ்வளவு யோக்கியமாக ஒலிக்கிற சொல்.
மூன்று நாள்காரிக்கும் நான்கு நாள்காரிக்கும்
பாதி எப்படிப் பாதியாகும்?
ஏழில் மூன்று, என்றேன்.
சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது.

அவள் கோபப்படவில்லை.
காரிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து
கல்சுவரின் மேல் வைத்தாள்.
உலர்புல், லாடம், காப்பீடு,
பல்லை அராவியவருக்குத் தொண்ணூற்றாறு,
நிலத்து வாடகை.
காற்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓட
நான் துரத்திப்போய்ச் சேற்றில் மிதித்துப் பிடித்தேன்.
மாதம் நானூற்றெண்பது.
என் நாற்பதுகள்
உலர்புல்லும் வாடகையும் தாண்டுமுன்பே
மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டன.

ஏழில் மூன்று போட்டுப் பார்த்தேன், மனசுக்குள்.
மாதத்துக்கு முப்பத்திரண்டு பவுண்டு
நான் குறைவாகக் கொடுத்துவந்திருக்கிறேன்.

வாயைத் திறக்கவில்லை.
உடனே எதிர்க்கணக்கு ஒன்று கிளம்பியது:
நான் அள்ளிய சாணத்துக்கு மணிக்குப் பன்னிரண்டு,
விடிகாலைக் குளிருக்கு மேலே ஏதாவது.
அதற்கும் ஒரு எதிர்க்கணக்கு:
விற்றால் பணம் அவளுக்கு.
செத்தால்
அவ்வளவு பெரிய குழி தோண்டும் செலவும் அவளுக்கு.
இரவு பார்சன் தரையில் புரண்டால்
போன் அடிப்பது அவள் தலையணையடியில்.
அதற்கு என்ன விலை போட?

பாதி கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு சனி, முதல் சவாரி.
டைன் ஆற்றின் மேட்டுப் பாதையில்
நான்கு குளம்பும் ஒரே ஓசையில் விழுந்தன.
திரும்பி வரும்போது
கதவருகே நின்றிருந்தாள் ஃபிலிப்பா, கையில் கேரட்.
அவள் நாள் இல்லை அது.
பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"பத்து நிமிடம் நான் ஏறட்டுமா?"

தன் குதிரையை
என்னிடம் கேட்டாள்.
இறங்கிக் கடிவாளத்தைக் கொடுத்தேன்.
வேலியோரம் சாய்ந்து நின்று
என் கை என்னைக் கேட்காமலே
கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டது.

பதினான்கு ஆயிற்று.
சொல்லவில்லை.