சில்வண்டு இல்லாத தீவு

முதலில் ஃப்ரிட்ஜைத்தான் சந்தேகித்தான் ஹானுஸ்.
இரவு இரண்டு மணிக்கு வயரைப் பிடுங்கினான்.
பிறகு ஹீட்டரை. பிறகு கீழே போய் மெயின் ஸ்விட்சை.
வீடு மொத்தமும் இருட்டில் நிற்க
"இன்னும் கேட்குது" என்றான்.
காலையில் ஆட்டிறைச்சி தண்ணீர் விட்டிருந்தது.

எப்படி இருக்கும் அது என்று கேட்டேன்.
ஒரு கோடையில் மயோர்க்கா போனோமே,
பைன் மரத்தில் ஓயாமல் ஒரு வண்டு கத்தியதே,
அது.
எங்கள் ஃபாரோ தீவுகளில் அந்த வண்டு கிடையாது.
வந்து உட்கார மரமும் அதிகமில்லை.
ஆடு, மழை, காற்று.
காற்று நின்றால் ஊரே வெளியே வந்து பார்க்கும்.
ஹானுஸுக்கு மட்டும் காற்று நிற்கும் நாளில் பயம்.

இருபத்திரண்டு வருடம்
கடலுக்கு அடியில் பாறை குடைந்தவன்.
காதுமூடி கழுத்தில்தான் தொங்கும்;
பாறை விரிசல் விடுவது முன்னாலேயே கேட்க வேண்டுமாம்.
அவன் குடைந்த வழியாகத்தான்
ஆஸ்பத்திரிக்குப் போனோம்,
பதினொரு நிமிடம், கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேசாமல்.

சோல்ருன் என்ற பெண். முப்பது வயது இருக்கும்.
உள்காதில் மயிரிழைபோலச் சில உண்டு என்றாள்,
உச்ச ஒலிகளுக்கு உரியவை முதலில் சாய்ந்துவிடும்.
சேதி வராத திசையில்
மூளை செவியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
உற்று உற்றுத்
தன் இரைச்சலையே கேட்கிறது.

கப்பல் வராத இரவிலும்
துறைமுகத்தில் விளக்கு எரிகிற மாதிரியா என்றேன்.
இல்லை என்றாள்,
வராததாலேயே திரியைத் தூண்டிவிடுகிற மாதிரி.

பிறகு ஒலிகளை ஒவ்வொன்றாக அவன் காதில் ஊட்டினாள்.
இதுவா? இன்னும் மேலே.
இதுவா? கொஞ்சம் கீழே.
ஆறாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸில் அவன் கை உயர்ந்தது.
அடுத்து சத்தத்தின் அளவு:
கூட்டினாள், குறைத்தாள், குறைத்தாள்.
போதும் என்றான்.

நான் கேட்கலாமா?

என் காதுக்குத் தகுந்தபடி திருகிவிட்டுத் தந்தாள்.
ஹெட்போனில் அவன் சூடு இருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
மூச்சை நிறுத்தினேன்.
கேட்டது,
ஊசிமுனை அளவு.
தாளோடு தாள் உரசினால் மறைந்துவிடும்.

இவ்வளவுதானா என்று நாக்குவரை வந்தது.
சாட்சி சொல்ல வந்தவளைப் பார்ப்பதுபோல
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் கழற்றவில்லை.
ஒரு நிமிடம். இரண்டு.
மூன்றாவதில் சோல்ருனின் உதடு அசைந்தது,
என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை.
நான்காவதில் கழற்றித் தந்தேன்.

என்னால் கழற்ற முடிந்தது.

திரும்பும்போது, சுரங்கத்தின் நடுவில்
கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.
டயர் சத்தம், பெரிய விசிறிகளின் சத்தம்,
ஈரப்பாறை சொட்டுகிற சத்தம், எல்லாம் உள்ளே வந்தன.
"இங்கே பரவாயில்லை" என்றான் ஹானுஸ்,
மேலே கடல் இருந்த பக்கம் பார்த்து.

பாத்திரம் கழுவும் மெஷினை இப்போதெல்லாம்
படுக்கப்போகும்போதுதான் போடுகிறேன்.
சில இரவு,
இரண்டே கோப்பைகளுக்காக.